ஸ்பீக்கரில் போட்ட அழைப்பு

அன்றைக்கு அந்தப் பெண்ணைத் திட்டிய வார்த்தைகளை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எவனும் அச்சில் போட மாட்டான். என்ன செய்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதுவே போதுமான அசிங்கம்.

நான் ட்ரெய்லர் ஓட்டுகிறேன். மணலிப் பக்கத்து யார்டுகளில் கண்டெய்னரை ஏற்றி, துறைமுகத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது வேலை. ஓட்டுகிறேன் என்று சொல்வதே பாதிப் பொய். பெரும்பாலும் நிற்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்போம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குப்பத்து வீடுகள், நடுவில் நாங்கள். துறைமுக வாசல் எப்போது திறக்கும், எத்தனை வண்டியை விடுவார்கள், எவனுக்கும் தெரியாது. காலையில் வந்து நின்றவன் மாலையிலும் அதே அம்மன் கோயில் எதிரில் நிற்பான். பெயர் மட்டும் விரைவுச் சாலை.

வரிசையில் ஒரு சட்டம் உண்டு. முன்னால் இருப்பவன் பத்தடி நகர்ந்தால் நாமும் பத்தடி நகர வேண்டும். விட்டால் அந்த இடைவெளியில் பக்கத்திலிருந்து எவனாவது மூக்கை நுழைப்பான், பின்னால் நிற்கிற அத்தனை பேருக்கும் நஷ்டம். அதனால் ஒருவன் தூங்கிப்போனால் பின்னால் இருப்பவன் இறங்கி வந்து கதவைத் தட்டுவான். கையால் தட்டினால் எழ மாட்டான் என்று ஸ்பேனரால் தட்டுகிறவர்களும் உண்டு. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏமாற்றுக்காரர்களின் ஃபோன். உங்கள் கார்டு முடங்கிவிட்டது, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் மகன் போலீஸில் மாட்டிக்கொண்டான் என்று நாளுக்கு ஒன்றாவது எவனுக்காவது வரும். வந்தவன் உடனே கையைத் தூக்கி, "பார்ட்டி வந்துச்சுடோய்!" என்று கத்துவான். நாலைந்து பேர் இறங்கி ஓடிவருவோம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆளுக்கு ஒரு வேஷம் கட்டுவோம். ஒருவன் அழுவான், ஒருவன் இன்ஸ்பெக்டராகப் பேசுவான், கடைசியில் எல்லோரும் சேர்ந்து திட்டுவோம். பத்து மணி நேரம் வெயிலில் நிற்கிறவனுக்கு அது சினிமா. இதில் மன்னன் ஒரு புளியந்தோப்புக்காரன், என் தோஸ்து. ஒரு தடவை பரிசு விழுந்ததாகச் சொன்ன ஒருவனை அரை மணி நேரம் லைனில் நிற்க வைத்து, "பிரியாணி அனுப்பறேன், லெக் பீஸ் வேணுமா, நெஞ்சு வேணுமா?" என்று கேட்டு அழவிட்டவன்.

இப்போது என் மகள்.

கல்லூரியில் இரண்டாம் வருடம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். திருவொற்றியூரில் எங்களுக்கு ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் உள்ள வாடகை வீடு. நான், மனைவி, மகள், பன்னிரண்டாவது படிக்கும் மகன். மனைவி காசிமேட்டில் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கிறாள். மகள் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். தலை வாருவதை விட்டுவிட்டாள். நான் என்ன செய்தேன்? "மூஞ்ச தூக்கி வெச்சிகினு இருந்தா கீழ்ப்பாக்கத்துலதான் கொண்டு வுடணும்" என்றேன். எங்கள் பக்கத்தில் கீழ்ப்பாக்கம் என்றால் ஊர் இல்லை, வசவு. மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் என்பதால் பைத்தியக்காரன் என்று அர்த்தம். அதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவளும் சிரித்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவள் வீட்டில் உதவி கேட்கவில்லை. ஃபோனில் கேட்டாள். இளம் வயதுப் பிள்ளைகள் மனக்கஷ்டத்தை இலவசமாகப் பேசலாம் என்று எங்கோ ஒரு செயலியின் விளம்பரம் பார்த்து, கல்லூரி பஸ்ஸில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். முகம் தெரியாத ஒரு பெண் பதில் எழுதினாள். பிறகு வாரம் ஒரு தடவை பேசலாம் என்றார்களாம். தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கேட்காத இடத்தில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று விதி. இதையெல்லாம் எழுதி வைத்தவர்கள் எங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் கதவு என்றால் வாசல் கதவு ஒன்று. அதைச் சாத்தினால், "இன்னா, உள்ள யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும்.

மகள் மாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினாள். மூன்றாவது வாரம் வீட்டுக்கார அம்மா என் மனைவியைக் கூப்பிட்டு, "உம்பொண்ணு மேல குந்திகினு எவங்கிட்டயோ அழுதுகினு பேசுது. நாளைக்கு எதுனா ஆச்சின்னா எம்பேருதான் கெடும்" என்று சொல்லி மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். மகளைக் கேட்டோம். "படிப்பு விஷயம்" என்றாள். நாங்கள் நம்பவில்லை. எவனோ ஒரு பையன் என்று நினைத்து நானும் இரண்டு வார்த்தை கத்தினேன். அதோடு அவள் பேசுவது நின்றது. மறுபடியும் எழுத மட்டும் செய்தாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

ஒரு மத்தியானம் மூன்று மணி இருக்கும். வரிசையில் நின்றிருந்தேன். புது எண்ணிலிருந்து ஃபோன்.

"வணக்கம் சார்" என்று ஓர் இளம்பெண் குரல். என் மகளின் பெயரைச் சொல்லி, "அவங்க அப்பாதானே பேசறீங்க?" என்றாள்.

"ஆமா."

"சார், அவங்க இப்போ உங்ககூட இருக்காங்களா?"

அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ட்ரைவர்கள் குழுவில் ஒரு எச்சரிக்கை வந்திருந்தது. பிள்ளைகள் பேரைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள், நம்பாதீர்கள் என்று. நான் கையைத் தூக்கினேன். "பார்ட்டி வந்துச்சுடோய்!"

புளியந்தோப்புக்காரன் முதலில் வந்தான். இன்னும் மூன்று பேர். ஒரு தென்காசிக்காரரும் டீயைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"என் பொண்ணு பேரு உனுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அவங்கதான் சார் உங்க நம்பரைக் குடுத்திருக்காங்க, அவசரம்னா கூப்பிடச் சொல்லி. ஃபோன்ல எல்லாத்தையும் சொல்ல முடியாது. இப்போ உடனே யாராவது அவங்க பக்கத்துல இருக்கணும். வீட்டுல யார் இருக்காங்க சார்?"

புளியந்தோப்புக்காரன் ஃபோன் பக்கம் குனிந்து மாரடித்துக்கொண்டான். "ஐயோ என் செல்லம்! இன்னா ஆச்சு மேடம்! எவ்ளோ அனுப்பணும், சொல்லுங்கோ!"

"பணம் எதுவும் வேண்டாம் சார். தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க."

"பணம் வேணாமாமே! டேய், இது புதுசா கீதுடா! அப்போ கிட்னியா மேடம்?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

"சார், நான் மனநல ஆலோசகர். உங்க பொண்ணு இன்னிக்கு எனக்கு எழுதினதைப் பாத்து..."

"மனநலமா? சோக்கா வந்தே. இதோ இவன்தான் முத்திப்போயி கீறான், கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட்டு போட்டு வெய்யி" என்றான் புளியந்தோப்புக்காரன், என்னைக் காட்டி.

தென்காசிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எய்யா, அந்தப் புள்ளைக்குக் கொரலு நடுங்குதே. ஏமாத்துதவ மாதிரி தெரியலியே" என்றார். "அதான் பெர்சு, நடிப்பு" என்றான் ஒருவன். அப்போது முன்னால் வண்டி நகர்ந்தது. ஆட்டத்தை முடிக்க வேண்டும். நான் ஃபோனை வாய்க்கு அருகே கொண்டுபோய், தெரிந்த அத்தனை வார்த்தைகளையும் சொன்னேன். அந்தப் பெண் நடுவில் "சார், ப்ளீஸ்" என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை அழுதாள். ஃபோனை வைத்து எண்ணை பிளாக் செய்துவிட்டு வண்டியில் ஏறினேன். பத்தடி நகர்ந்தேன்.

மகள் அப்பாவின் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். இத்தனைக்குப் பிறகும் அவசரத்துக்கு என்று கேட்டபோது என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறாள். இதை நினைத்தால் இன்றைக்கும் ஸ்டியரிங்கை உடைக்க வேண்டும்போல் இருக்கும்.

கண்டெய்னரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனபோது மணி ஏழு. மகள் இல்லை. மத்தியானமே போனாளாம். ஃபோன் அணைத்திருந்தது. தோழி வீடாக இருக்கும் என்று மனைவி சொன்னாள். என் ஃபோனில் வேறோர் எண்ணிலிருந்து இங்கிலீஷில் ஒரு மெசேஜ் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் ஓடாது. யார்டு மெசேஜாக இருக்கும் என்று மகனிடம் கொடுத்தேன். அவன் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். "உங்க பொண்ணைப் பத்தி உங்களைக் கூப்பிட்டோம். அவங்களைத் தனியா விடாதீங்க. உயிருக்கு ஆபத்துன்னு தோணினா உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க." படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னா நைனா இது?"

செருப்புப் போடாமல் ஓடினேன்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அங்கேதான் அவளைக் கண்டுபிடித்தேன், விளக்குக் கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி. தனியாக இல்லை. பக்கத்துக் கல்லில் மீன் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"நீதான் அப்பனா?" என்றார். "நாலு மணிலேர்ந்து குந்திகினு கீது இந்தப் பொண்ணு. இன்னான்னு கேட்டேன், வாயே தொறக்கல. இந்தக் கல்லு மேல ஒண்டியா வந்து குந்தற பசங்கள நாங்கோ வுட்டுட்டுப் போறதில்ல. யாவாரமும் போச்சு, மீனும் நாறிப்போச்சு. இட்டுனு போ. திட்டாத."

அந்த இடத்திலிருந்து பார்த்தால் சாலை தெரியும். லாரி வரிசை தெரியும். நாலு மணிக்கு நான் அந்த இடத்தைத் தாண்டித்தான் ஊர்ந்திருக்கிறேன். என் வண்டியை அவள் பார்த்தாளா என்று இன்று வரை கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கு வராது.

வீட்டுக்கு வந்ததும் நானே சொன்னேன். அந்தப் பெண் கூப்பிட்டாள், ஏமாற்றுக்காரி என்று நினைத்துத் திட்டிவிட்டேன் என்று.

மகள் அன்று முதன்முதலாக என்னை நேராகப் பார்த்தாள். "அந்த அக்காவையா?"

"ஆமா."

"ஸ்பீக்கர்ல போட்டியா?"

நான் ஃபோனைக் கவிழ்த்து வைத்தேன்.

"போட்டியா நைனா? அவங்க என் பேர சொன்னாங்களா? எல்லாரும் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

அதற்குப் பிறகு ஒன்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஃபோனில் இருந்த அந்த ஆலோசனைச் செயலியையும் அழித்துவிட்டாள். ஒரே ஒருத்தியிடம்தான் அவள் வாயைத் திறந்திருந்தாள், அதை நான் மூடிவிட்டேன்.

அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நல்ல மாதிரி. மாத்திரை கொடுத்தார். அதனால் தூங்கினாள், கொஞ்சம் சாப்பிட்டாள். மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாசல் வரைக்கும் கூட்டம், ஒருவருக்கு இரண்டு நிமிடம். "யார்கிட்டயாவது தொடர்ந்து பேசும்மா, அது முக்கியம்" என்று டாக்டரே சொன்னார். யாரிடம்? நான் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். இந்த எண்ணுக்கு அழைக்க முடியாது என்று ஒரு மெஷின் இங்கிலீஷில் சொன்னதாக மகன் சொன்னான். மன்னிப்புக் கேட்டு மெசேஜ் எழுதச் சொன்னேன். போனதா என்றுகூடத் தெரியவில்லை.

ஒரு மாதம் போல் ஆனது. ஒருநாள் அவளுக்குத் தட்டில் சோறு வைத்துவிட்டு, "அந்த ஃபோனு பேசறதுக்குக் கதவு சாத்தின ரூம்பு வேணும்னு சொன்னாங்களாமே" என்றேன்.

அவள் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "அதான் இல்லியே" என்றாள்.

"என் வண்டில ரெண்டு கதவு கீது. கண்ணாடிய ஏத்திட்டா உள்ள பேசறது வெளிய கேக்காது. நான் கீழ நிக்கிறேன்."

அவள் பதில் சொல்ல நாலு நாள் ஆனது, அதற்குள் அந்தச் செயலியை மறுபடியும் ஃபோனில் ஏற்றியிருந்தாள். "புதன்கிழமை நாலு மணி" என்றாள். அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை டோல்கேட்டைத் தாண்டி நின்றிருந்தேன். நிற்கிற இடத்தை ஃபோனில் சொன்னேன், ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். காபினை முந்தின நாளே துடைத்து வைத்திருந்தேன். இருந்தாலும் டீசல் நாற்றம் போகவில்லை. ஏறி உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றினாள். பின்சீட்டுத் திரையையும் இழுத்துவிட்டாள். உள்ளே என்ன புழுக்கம் என்று எனக்குத் தெரியும். கதவை ஒட்டிக் கீழே நின்றேன்.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதுவரை நகராத வரிசை அன்றைக்கென்று நகர்ந்தது. பத்தடி, இருபதடி என்று போய், என் முன்னால் ஒரு கண்டெய்னர் நீளத்துக்கு இடம் காலியானது. பின்னால் ஹாரன் கிளம்பிற்று. என் பின்வண்டி புளியந்தோப்புக்காரனுடையது. இறங்கி வந்தான், கையில் ஸ்பேனர்.

"இன்னா மாமு, கேப்பு வுட்டுகினு வேடிக்க பாத்துகினு கீற?"

"நீ போ. நான் அப்பால வரேன்."

"நீ கீழ நிக்கற, கண்ணாடி ஏத்தி கீது, தெரை போட்டு கீது." கண்ணடித்தான். "உள்ள யாரு மாமு? இந்த வயசுலயா?"

"எம்பொண்ணு."

சிரிப்பு நின்றது. "பொண்ணா? அப்போ இறங்கச் சொல்லு. நீ ஏறு. பின்னால அத்தினி வண்டி கீதுல்ல." கதவைத் தட்ட ஸ்பேனரை ஓங்கினான்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்கு ஒரு பார்ட்டி வந்துச்சே. பணம் வேணாம்னு சொல்லிச்சே."

"ஆமா, கிட்னி பார்ட்டி."

"அது பார்ட்டி இல்ல. எம்பொண்ணு செத்துடுமோன்னு பயந்து அந்தப் பொண்ணு என்னக் கூப்ட்டுது. நாம ஸ்பீக்கர்ல போட்டுச் சிரிச்சோம். பொண்ணு அன்னிக்கு கடலாண்ட கல்லு மேல குந்திகினு இருந்துச்சு. இப்போதான் மறுபடியும் வாயத் தொறந்து பேசுது உள்ள. தட்டாத."

ஒரு மாதம் அவர்கள் யாருக்கும் இதைச் சொல்லாமல் இருந்தேன். மகளின் மானம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் மானம்.

அவன் ஸ்பேனரை இறக்கினான். பிறகு, "அத்தினி வண்டி கீது மாமு, நான் நிக்க முடியாது" என்றான், கெஞ்சுவதுபோல. திரும்பிப் போனவன் பின்வண்டிக்காரனிடமும் அதற்குப் பின்னால் இருந்தவனிடமும் ஏதோ சொல்வதைப் பார்த்தேன். ஹாரன் நின்றது. அவன் வண்டியை ஒடித்து என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனான், என் முகத்தைப் பார்க்காமல். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். தென்காசிக்காரர் மட்டும் என் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, மூடிய கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. சட்டை முழுக்க வியர்வையோடு இறங்கினாள். கண் வீங்கியிருந்தது.

"அந்த அக்கா இல்ல" என்றாள். "வேலைய வுட்டுட்டாங்களாம். இவங்க புதுசு. மொதல்லேர்ந்து சொல்லச் சொல்றாங்க."

"சொன்னியா?"

"பாதி." சாலையைப் பார்த்தாள். "உன் வரிசையெல்லாம் போயிடுச்சே நைனா."

"போவட்டும்."

"அடுத்த புதன்கிழமை எங்க நிப்ப?"

"எனுக்கு எப்பிடித் தெரியும்? வாசல்ல கீறவனுக்கே தெரியாது. கூப்புடறேன்."

அவள் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடிக்கப் போனாள். சரியாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். சில புதன்கிழமை வருகிறாள். சில புதன்கிழமை பாயிலிருந்து எழுந்திருப்பதே இல்லை. அந்த நாட்களில் நான் வரிசையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். என்ன ஆயிற்று அவளுக்கு என்று இன்னும் எனக்கு முழுதாகத் தெரியாது. சொல்கிறபோது சொல்லட்டும்.

பார்ட்டி விளையாட்டு எங்கள் வரிசையில் நின்றுவிட்டது. நான் இப்போது தெரியாத எண் எது வந்தாலும் எடுக்கிறேன். கார்டு முடங்கிவிட்டது என்கிறார்கள், கடன் தருகிறேன் என்கிறார்கள். கடைசி வரை கேட்கிறேன். பெண் குரலாக இருந்தால், "நீ முன்னாடி என்னக் கூப்ட்டுகீறியாம்மா?" என்று கேட்கிறேன். பைத்தியக்காரன் என்று நினைத்து அவர்களே வைத்துவிடுகிறார்கள்.